பாலினேசியக் குழந்தைகளின் நுரையீரல் நோய்க்கு மரபணு மட்டுமா காரணம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பசிபிக் பெருங்கடல் தீவுகளைப் பூர்வீகமாகக் கொண்ட பாலினேசிய மக்களிடையே நாள்பட்ட நுரையீரல் நோய் மிகுதியாகக் காணப்படுவதற்கு அவர்களுடைய மரபணுவே காரணமாக இருக்கக்கூடும் என்று தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நான் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் மூச்சு நோய்களுக்கான இயன்முறை மருத்துவராகப் பணியாற்றுகிறேன். என்னிடம் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள், அல்லது சமோவா, டோங்கா, குக் தீவுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். கட்டுரையாளர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்டவையே அதிகம் என்பதாலும், அந்தக் குழந்தைகளை நேரில் அறிந்தவள் என்ற முறையில் அதைப் பார்த்துக்கொண்டு பேசாமலிருக்க மனம் ஒப்பவில்லை என்பதாலும் இதை எழுதுகிறேன்.

கட்டுரை குறிப்பிடும் நோய் முதன்மையாக பிராங்கியெக்டேசிஸ், அதாவது மூச்சுக்குழாய் விரிவு நோய். கடுமையான தொற்றினாலோ வேறு காரணத்தாலோ மூச்சுக்குழாயின் சுவர் சிதைந்து, குழாய் நிரந்தரமாக விரிந்துவிடுகிறது. விரிந்த இடத்தில் சளி தேங்குகிறது, தேங்கிய சளியில் கிருமி வளர்கிறது, கிருமியை எதிர்க்கும் அழற்சி சுவரை இன்னும் சிதைக்கிறது. இந்தச் சுழற்சி தானாக நிற்பதில்லை. நியூசிலாந்து முழுவதும் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 3.7 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஐரோப்பிய வம்சாவளிக் குழந்தைகளில் அது 1.5, மாவோரிக் குழந்தைகளில் 4.8, பசிபிக் தீவுகளைச் சேர்ந்த குழந்தைகளில் 17.8. வளர்ந்த நாடு ஒன்றுக்கு இது மிக அதிகம் என்று ஆய்வாளர்கள் தங்கள் தலைப்பிலேயே சொல்லியிருந்தார்கள். பின்லாந்தோடு ஒப்பிட்டால் ஏழு மடங்கு.

இத்தனை பெரிய வேறுபாட்டைக் கண்டதும் மரபணுவின் மீது சந்தேகம் எழுந்தது இயல்பானதே. அந்தச் சந்தேகத்துக்கு மதிப்பான வரலாறும் உண்டு. நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் சிலியா என்னும் நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. அவை நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் துடித்து, சளியைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். பிறவியிலேயே அந்த இழைகள் சரிவர அசையாத ஒரு நோய் இருப்பதை சுவீடன் நாட்டு அறிஞர் அஃப்செலியஸ் 1976-இல் விளக்கினார். இரண்டே ஆண்டுகளில், 1978-இல், நியூசிலாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மூச்சுக்குழாய் விரிவு நோயுள்ள பாலினேசியர்களின் சிலியாவிலும் விந்தணுவின் வாலிலும் அமைப்புக் குறைபாடுகள் இருப்பதாக லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். மூச்சுக்குழாயின் சிலியாவும் விந்தணுவின் வாலும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதால், இரண்டிலும் பழுது இருந்தால் அது பிறவிக் குறை என்று கருத இடமிருந்தது. கூடவே, பாலினேசியர்கள் சிறு சிறு குழுக்களாகப் படகேறித் தீவுக்குத் தீவு குடியேறியவர்கள். சமோவாவில் ஏறத்தாழ 2,800 ஆண்டுகளுக்கு முன்பும், நியூசிலாந்தில் ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்கு முன்பும் குடியேற்றம் நிகழ்ந்தது. சிலர் மட்டும் புறப்பட்டு ஒரு புதிய சமுதாயத்தைத் தோற்றுவிக்கும்போது, அவர்களில் ஒருவரிடம் இருந்த அரிய மரபணு மாற்றம் சந்ததியில் பரவலாகிவிடுவது அறிவியல் அறிந்த உண்மை. 2016-இல் சமோவா மக்களிடம் கண்டறியப்பட்ட கிரெப்ஆர்எஃப் மரபணு மாற்றம் இதற்குச் சான்று. உலகின் மற்ற இடங்களில் ஏறக்குறைய இல்லாத அந்த மாற்றம், சமோவாவில் அந்த மரபணுவின் பிரதிகளில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் இருக்கிறது. அது உடல் எடையைக் கூட்டுகிறது, ஆனால் நீரிழிவு நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது.

ஆகவே மரபணுக் கருத்தை நான் ஏளனமாகப் பார்க்கவில்லை. ஆனால் தங்கள் கட்டுரை 1978-இலேயே நின்றுவிட்டது. அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. நாள்பட்ட தொற்றும் புகையும் சிலியாவின் அமைப்பைச் சிதைக்கக்கூடியவை என்பதால், நோய்வாய்ப்பட்ட குழாயில் காணும் சிதைவு நோய்க்குக் காரணமா அல்லது நோயின் விளைவா என்று நுண்ணோக்கிப் படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது இன்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட நிலை. அதற்குப் பிறகு ஆக்லாந்தில் குழந்தைகளைத் தனித்தனியாகப் பரிசோதித்தபோது, காரணம் தெரிந்தவர்களில் பலர் குழந்தைப் பருவத்தில் கடுமையான நிமோனியாவுக்கு ஆளானவர்களாகவே இருந்தார்கள். சிலியாவின் பிறவிக் குறை சிலரிடம் மட்டுமே இருந்தது. ஐரோப்பியர்களிடம் நுரையீரலைப் பாதிக்கும் முக்கியமான பரம்பரை நோயாகிய சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பாலினேசியர்களிடம் மிக அரிது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதே நோய் இதே போல் மிகுந்து காணப்படும் வேறு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, அலாஸ்காவின் யூகான், கஸ்கோக்விம் ஆறுகளின் கழிமுகத்தில் வாழும் பழங்குடியினர். மற்றொன்று, ஆஸ்திரேலியாவின் வடக்கு, மத்தியப் பகுதிகளின் ஆதிகுடியினர். ஆர்க்டிக் குளிரில் வாழ்பவர், பாலைவன ஓரத்தில் வாழ்பவர், பசிபிக் தீவிலிருந்து வந்தவர் என்ற இந்த மூவரும் மரபணுவில் ஒருவருக்கொருவர் வெகு தூரத்தில் இருப்பவர்கள். மூவருக்கும் பொதுவானவை, ஒரே அறையில் பலர் உறங்கும் நெருக்கடியான வீடு, பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளில் அடுத்தடுத்து வரும் நுரையீரல் தொற்று, தாமதமாகக் கிடைக்கும் மருத்துவம், தலைமுறை தலைமுறையாகத் தொடரும் வறுமை ஆகியவைதான். மூன்று நாடுகளின் மருத்துவர்களும் சேர்ந்து இக்குழந்தைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தபோதும் அவர்களுடைய கவனம் இந்தப் பொதுக் காரணங்களின் மீதே விழுந்தது.

வரலாறே ஒரு சோதனையை நடத்திக் காட்டியிருக்கிறது. 1918 நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து சென்ற தலூன் என்ற கப்பல், இன்ஃப்ளுவென்சா நோயாளிகளோடு மேற்குச் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தில் தடையின்றி அனுமதிக்கப்பட்டது. அப்போது அத்தீவுகள் நியூசிலாந்தின் இராணுவ ஆட்சியில் இருந்தன. சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 8,500 பேர், அதாவது மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், இறந்தார்கள். பக்கத்திலேயே உள்ள அமெரிக்கச் சமோவாவில் ஆளுநர் ஜான் போயர் கப்பல்களைத் தனிமைப்படுத்தித் துறைமுகத்தை அடைத்தார். அங்கே இந்நோயால் ஒருவர்கூட இறக்கவில்லை. அவர் அளிக்க முன்வந்த மருத்துவ உதவியையும் ஆப்பியாவில் இருந்த நிர்வாகி ஏற்கவில்லை. இரு பக்கமும் ஒரே மக்கள், ஒரே மொழி, உறவு முறையில் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த குடும்பங்கள். அவர்களுடைய நுரையீரலில் எந்த வேறுபாடும் இருந்திருக்க முடியாது. நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் 2002-இல் ஆப்பியாவுக்கே சென்று இதற்காகவும் மன்னிப்புக் கேட்டார். 2019-இல் சமோவாவில் தட்டம்மை பரவி 83 பேர் இறந்தபோதும், அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். தடுப்பூசி போடுவது அதற்கு முந்தைய ஆண்டில் படுவீழ்ச்சி கண்டிருந்தது. தட்டம்மையில் பிழைத்த குழந்தையின் நுரையீரலிலும் வடு தங்குவதுண்டு என்பதால், இறப்பு எண்ணிக்கையோடு அந்தக் கணக்கு முடிந்துவிடுவதில்லை.

நான் வீடுகளுக்குச் சென்று சிகிச்சை அளிக்கும்போது பார்ப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெற்கு ஆக்லாந்தில் குளிர்காலத்தில், பழைய மரவீடு ஒன்றில், சூடாக்க ஒரே ஒரு அறைக்குத்தான் மின்கட்டணம் கட்டுப்படியாகும். ஆகவே தாத்தா, பாட்டி, பெற்றோர், நான்கைந்து பிள்ளைகள் என எல்லோரும் அந்த ஓர் அறையில் மெத்தைகளை ஒட்டிப் போட்டு உறங்குகிறார்கள். காலையில் மெத்தையைத் தூக்கினால் அடிப்பக்கம் ஈரமாக இருக்கும். ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியும். சுவரின் மூலையில் ஓதம் ஏறிக் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். தாய் அதைத் துடைக்காதவள் அல்லள், வாரந்தோறும் துடைக்கிறாள், அது வாரந்தோறும் திரும்பி வருகிறது. அந்த அறையில் ஐந்து வயதுப் பெண் குழந்தையை உட்கார வைத்து, பாதி நீர் நிரப்பிய பிளாஸ்டிக் புட்டியில் ஒரு குழாயைச் செருகி, இரண்டு சொட்டுச் சோப்புத் திரவம் விட்டு ஊதச் சொல்வேன். நுரை புட்டியின் வாயைத் தாண்டி வழிந்தால் அவளுக்குக் கொண்டாட்டம். எதிர் அழுத்தத்தில் மூச்சு வெளியேறும்போது மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளாமல் திறந்திருப்பதால் சளி இளகி மேலே வரும். பத்துத் தடவை ஊதியதும் நிறுத்தி, தொண்டையைத் திறந்து ‘ஹா’ என்று வேகமாக மூச்சை விடச் சொன்னால், மஞ்சளும் பச்சையுமாகச் சளி வெளியேறும். காலையும் மாலையும் இதைச் செய்ய வேண்டும். அவளுடைய அண்ணனுக்கும் இதே நோய். ஒரு குடும்பத்தில் இருவருக்கு வந்தால் பரம்பரை என்று எழுதிவிடுவது எளிது. உடன்பிறந்தவர்கள் மரபணுவை மட்டுமல்ல, படுக்கையையும் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதை எழுதுபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

வீட்டைச் சரிசெய்தால் நுரையீரல் தேறுமா என்ற கேள்விக்கு நியூசிலாந்திலேயே விடை கிடைத்திருக்கிறது. பேராசிரியர் ஃபிலிப்பா ஹவுடன்-சாப்மன் தலைமையில் 1,350 வீடுகளில் நடத்தப்பட்ட ஆய்வு 2007-இல் வெளியானது. கூரையிலும் தரைக்கு அடியிலும் வெப்பக் காப்பு பொருத்திய வீடுகளில் குளிரும் ஈரமும் குறைந்தன, மூச்சிரைப்புக் குறைந்தது, குழந்தைகள் பள்ளிக்குச் செல்லாத நாட்களும் குறைந்தன. யாருடைய மரபணுவிலும் கை வைக்காமல் கிடைத்த பலன் இது. 2019 ஜூலை முதல் வாடகை வீடுகளுக்கு இந்த வெப்பக் காப்பு இங்கே சட்டப்படி கட்டாயம். புகையிலையிலோ கதை வேறு விதமாக முடிந்தது. மாவோரி மக்களிடையே வயதானவர்களைத் தாக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு முதற்காரணம் புகைப்பழக்கம். 2009 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு என்றைக்குமே சிகரெட் விற்கக்கூடாது என்று 2022-இல் இயற்றப்பட்ட சட்டம், நடைமுறைக்கு வருமுன்பே 2024 தொடக்கத்தில் புதிய அரசால் நீக்கப்பட்டது. மாவோரி மக்களின் நுரையீரலைப் பற்றி உண்மையில் கவலைப்படுபவர்கள் முதலில் எழுதியிருக்க வேண்டியது இதைப் பற்றித்தான் என்பது என் உறுதியான கருத்து.

மரபணு ஆராய்ச்சியே தேவையில்லை என்று இதற்குப் பொருளாகாது. தங்கள் கட்டுரை தவறவிட்ட மிக முக்கியமான செய்தியே மரபணுவைப் பற்றியதுதான். வைரசை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற பொருளின் செய்தியை உயிரணுவுக்குள் கொண்டு சேர்க்கும் ஏற்பிகளில் ஒன்று ஐஎஃப்என்ஏஆர்1. அதை முற்றிலும் செயலிழக்கச் செய்யும் ஒரு மாற்றம், மேற்குப் பாலினேசிய வம்சாவளியைச் சேர்ந்த ஏழு குழந்தைகளிடம் இருப்பதாக 2022-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஐந்து தனித்தனிக் குடும்பங்களைச் சேர்ந்த அந்த ஏழு பேரும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக அந்த மாற்றத்தின் இரண்டு பிரதிகளைப் பெற்றவர்கள், கடுமையான வைரஸ் நோய்களுக்கு ஆளானவர்கள். வேறெங்கும் மிக அரிதான இந்த மாற்றம், மேற்குப் பாலினேசியாவில் மரபணுப் பிரதிகளில் நூற்றில் ஒன்றுக்கு மேல் காணப்படுகிறது. இத்தகைய குழந்தைக்கு உயிருள்ள வைரசால் ஆன தடுப்பூசிகூட ஆபத்தாகலாம் என்பதால், அந்தக் குழந்தையை முன்கூட்டியே அடையாளம் காண்பது உயிர் காக்கும் வேலை. மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் அதே தடுப்பூசிதான் காவல் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூற்றில் ஒன்று என்றால், இரண்டு பிரதிகளும் ஒரே குழந்தைக்கு வாய்ப்பது பத்தாயிரத்தில் ஒருவருக்கு. நூற்றில் இரண்டு என்றே வைத்துக்கொண்டாலும் பத்தாயிரத்தில் நால்வர். முன்னே சொன்ன 17.8 என்ற விகிதத்தைப் பதினைந்து ஆண்டுகளுக்குக் கூட்டினால், பசிபிக் தீவினக் குழந்தைகளில் பத்தாயிரத்துக்கு ஏறத்தாழ 27 பேர் பதினைந்து வயதுக்குள் மூச்சுக்குழாய் விரிவு நோய்க்கு ஆளாகிறார்கள். அந்த மரபணு மாற்றம் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இந்நோய் வரும் என்று கொண்டாலும், மீதமுள்ள இருபதுக்கும் மேற்பட்டவர்களின் நோய்க்கு அது விடையாகாது. மரபணு சிலருடைய நோயை விளக்குகிறது. ஓர் இனத்தின் நோயை விளக்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதே தங்கள் கட்டுரையின் குறை.

அந்தக் குழப்பத்தால் இரண்டு விதமான கேடு விளைகிறது. ஓதம் ஏறிய வீட்டுக்கும் தவறிய தடுப்பூசிக்கும் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்றாகிவிடுவது ஒன்று. இரண்டாவது கேட்டை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. பாலினேசியக் குழந்தை என்றால் சளியும் இருமலும் இருக்கத்தான் செய்யும் என்ற எண்ணம் மருத்துவமனைக்குள் வேரூன்றிவிட்டால், உண்மையிலேயே பிறவிக் குறையுள்ள குழந்தைக்கும் பரிசோதனை நடப்பதில்லை. பிறந்த அன்றே மூச்சுத் திணறியதா, இதயம் வலப்பக்கம் இருக்கிறதா, காதில் ஓயாமல் சீழ் வடிகிறதா என்று கேட்டு, மூக்கிலிருந்து வரும் காற்றில் நைட்ரிக் ஆக்சைடை அளந்து, தேவைப்பட்டால் மரபணுவையும் பார்த்தால் சிலியா நோயை இன்று கண்டுபிடிக்க முடியும். ஐம்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் அந்நோயோடு தொடர்புடையவையாக அறியப்பட்டுள்ளன. ‘இனமே காரணம்’ என்ற விடை கையில் இருக்கும்போது இந்தக் கேள்விகளை யார் கேட்கப் போகிறார்கள்?

மரபணு ஆராய்ச்சி எப்படி நடக்க வேண்டும் என்பதற்கும் இங்கேயே முன்மாதிரி உண்டு. இளம் வயதிலேயே வயிற்றுப் புற்றுநோயால் தலைமுறை தலைமுறையாகப் பலரை இழந்த மாவோரிக் குடும்பம் ஒன்று, காரணத்தைத் தேடித் தானே ஆராய்ச்சியாளர்களை நாடியது. ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் பாரி கில்ஃபோர்டு குழு 1998-இல் சிடிஎச்1 மரபணுவில் அக்காரணத்தைக் கண்டறிந்தது. அந்தக் குடும்பத்தினர் பரிசோதனை செய்துகொண்டு, ஆபத்தில் இருந்தவர்கள் முன்கூட்டியே அறுவை சிகிச்சை பெற்று உயிர் தப்பினார்கள். உலகெங்கும் அதே குறையுள்ள குடும்பங்களும் பயன்பெற்றன. மாறாக, 2000-இல் ஆட்டோஜென் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் டோங்கா மக்களின் மரபணுத் தரவுகளை ஆராயும் உரிமைக்கு அந்நாட்டு அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. மக்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்து அத்திட்டம் கைவிடப்பட்டது. முதலாவதில் கேள்வி குடும்பத்தினுடையது, விடையும் அவர்களுக்கே போய்ச் சேர்ந்தது.

இந்தியாவில் மூச்சுக்குழாய் விரிவு நோயாளிகள் 2,195 பேரின் விவரங்களைத் தொகுத்து 2019-இல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒருவருக்கு மேல், அதாவது 35.5 சதவீதத்தினருக்கு, முன்பு வந்த காசநோயே காரணம் என்று தெரிய வந்தது. அதைப் படித்த எவரும் இந்தியரின் நுரையீரலில் பிறவிக் கோளாறு இருக்கிறது என்று எழுதவில்லை. காசநோயைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றே எழுதினார்கள். அதே நியாயத்தைப் பசிபிக் மக்களுக்கும் வழங்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இதே பக்கத்தில் இன்னொரு கட்டுரை வெளியிடுவதாக இருந்தால், எந்தக் குழந்தைக்கும் பொருந்தும் ஒரு செய்தியை அதில் சேர்க்க வேண்டுகிறேன். குழந்தைக்குச் சளியோடு கூடிய இருமல் இடைவிடாமல் நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதைச் சாதாரணச் சளி என்று விட்டுவிடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நுரையீரலில் தங்கிய கிருமித் தொற்று என்று மருத்துவர் கருதினால், இரண்டு வார அளவுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பது வழக்கம். அப்படியும் நிற்காவிட்டால், அல்லது மீண்டும் மீண்டும் வந்தால், மேல்பரிசோதனை தேவை. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால், குழந்தைகளில் விரிந்த மூச்சுக்குழாய் பழைய நிலைக்குத் திரும்புவதும் உண்டு. நோய் முற்றியவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆதிகுடி, மாவோரி, பசிபிக் தீவினக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான சோதனையில், வாரம் ஒரு வேளை அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்ததில் நோய் தீவிரமடையும் தடவைகள் பாதியாகக் குறைந்தன. ஆனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகியதும் அதே சோதனையில் தெரிந்ததால், அதை மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
இயன்முறை மருத்துவர்,
ஆக்லாந்து, நியூசிலாந்து.